பதினான்கு கிலோ வீரம்

கப்பலில் ஏற்றும் சரக்குக்குப் பட்டியல் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். பினாங்கு துறைமுகத்தை ஒட்டி, வெல்ட் கீ பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பெட்டியில் எத்தனை மூட்டை, மூட்டைக்கு எத்தனை கிலோ, எது அடியில், எது மேலே என்று தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்டவன் பினாங்கின் கொடிமலை ஏறத் தோள்பை ஒன்றை அடுக்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் நான் அடுக்குவது பிறத்தியார் சரக்கு. அதை அறிவோடு அடுக்குவேன். சொந்தச் சரக்கை ஆசையோடு அடுக்குவேன். ஆசைக்கு எடை தெரியாது.

மலை ஏறும் யோசனை டாக்டர் கொடுத்ததுகூட அல்ல. "தினமும் கொஞ்சம் நடங்க" என்று மட்டுமே அவர் சொன்னார். நடப்பதென்றால் வீட்டுக்கு வெளியே, வெளியே என்றால் மேட்டில், மேடு என்றால் கொடிமலை என்று உரை எழுதிக்கொண்டது நான். கொடிமலையின் உயரம் 833 மீட்டர். ஆயர் ஈத்தாமிலிருந்து 1923 முதல் அதன்மேல் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறது. 2011இல் பழைய பெட்டிகளை மாற்றிய பிறகு சில நிமிடங்களில் உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மேலே முருகன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, தேநீர் கிடைக்கிறது. "ரயில் இருக்கும்போது ஏன்பா நடக்கணும்?" என்று மகன் கேட்டான். ரயிலில் போனால் பை எதற்கு என்று கேட்பார்களே, அதனால்தான் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

ரயில் வருவதற்கு முன்பு வெள்ளைக்காரத் துரைமார் இதே மலைக்குக் குதிரையில் போனார்கள்; இல்லாவிட்டால் தூக்குநாற்காலியில் போனார்கள். அந்தக் காலத்தில் மலையேற்றத்துக்கு இன்றியமையாத சாதனம் சுமக்கும் ஆட்கள்தான். துரை நாற்காலியில் உட்காருவார், கூலிகள் தூக்குவார்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் துரை களைப்பாறுவார். தூக்க ஆளில்லாத நடுத்தரக் குடும்பத்தலைவன் என்ன செய்வான்? மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போவான்.

"எந்த மலை, அங்கிள்?" என்று கடைப் பையன் கேட்டான்.

"இப்போதைக்குக் கொடிமலை" என்றேன். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை என்பது பில் வந்தபோது தெரிந்தது. அறுபது லிட்டர் பை, இரண்டு ஊன்றுகோல், ஓடைத் தண்ணீரை வடிகட்டும் குழாய், மழையிலும் பொறி பறக்கும் தீக்கம்பி, ஒன்பது வேலை செய்யும் மடக்குக்கத்தி, கயிறு, கொக்கி, வெள்ளித்தாள் போர்வை. அறுபது லிட்டர் பையோடு மூன்று நாள் காட்டில் தங்கலாம் என்றான் பையன். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவன். அதை அவனிடம் சொல்லவில்லை. ஒரு வாலிபனின் உற்சாகத்தைக் கெடுப்பானேன்?

இந்தச் சாமான்களுக்கெல்லாம் ஒரு மூலப் பட்டியல் உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் நகரத்தில் 'தி மவுண்டனியர்ஸ்' என்ற பழைய மலையேற்றச் சங்கம் இருக்கிறது. தம்மிடம் பழக வந்தவர்களுக்காக 1930களில் அவர்கள் வகுத்த பத்துப் பொருள்கள் 1974இல் அவர்களது கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அச்சாயின: வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடியும் களிம்பும், கூடுதல் உணவு, கூடுதல் உடை, தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, தீமூட்டி, தீக்குச்சி, கத்தி. 2003இல் அந்தச் சங்கத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பத்துப் பொருள்கள் என்று இருந்ததைப் பத்துத் தேவைகளாக மாற்றி எழுதினார்கள். வழி தெரியவேண்டும், வெயில் தாக்கக்கூடாது, குளிர் வாட்டக்கூடாது, வெளிச்சம் வேண்டும், அடிபட்டால் மருந்து வேண்டும், நெருப்பு வேண்டும், அறுந்ததைக் கட்ட ஏதாவது வேண்டும், உணவு வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும். தேவை என்னவென்று தெரிந்தவன் அதற்கு என்ன பொருள் என்பதை ஊருக்குத் தக்கபடி முடிவுசெய்துகொள்ளலாம். பொருளை மட்டும் பார்த்தவன் என்னைப்போல் கடைக்குப் போவான். சியாட்டல்காரருடைய மலைகளில் பனிக்கட்டி ஆறுகள் இருக்கின்றன. நம் தீவு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. இங்கே குளிரில் விறைத்துச் செத்தவர் என்று யாராவது இருந்தால், அவர் குளிர்சாதன சினிமாக் கொட்டகையில் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார்.

சாமான் வந்து சேர்ந்தது. அடுக்கும் படலம் தொடங்கியது. கப்பல் சாத்திரப்படி கனமானது அடியில் போகவேண்டும். தண்ணீர்ப் புட்டிகளையும் டப்பா மீனையும் பைக்கு அடியில் இறக்கி, லேசான துணிமணிகளை மேலே வைத்தேன். தோளில் மாட்டி நிமிர்ந்ததும் பை என்னைப் பின்னால் இழுத்துச் சோபாவில் உட்காரவைத்தது. மனித முதுகு கப்பல் இல்லை என்பதை அன்று அறிந்தேன். தோள்பையில் கனமான பொருள், முதுகை ஒட்டினாற்போல், தோள்பட்டைகளுக்கு நடு உயரத்தில் இருக்கவேண்டும். லேசானதும் கடைசியில் வேண்டியதும் அடியில். மழைச்சட்டை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே. ஏனென்றால் மழை நாம் பையைக் கலைத்துத் தேடி முடிக்கும்வரை காத்திருக்காது. இந்த மூன்று வரியைக் கடைப் பையன் இலவசமாகவே சொல்லியிருப்பான். இலவசமாகக் கிடைப்பதை அன்று நான் எதையும் கேட்கவில்லை.

"எடை போட்டீங்களா?" என்றாள் மனைவி.

அவள் என் தொழிலைக் கரைத்துக் குடித்தவள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையை எழுத்தில் கொடுக்காமல் எந்தக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகம் முழுவதற்குமான கடல் பாதுகாப்பு விதி. அந்த விதி அமலுக்கு வந்த நாள்களில் வீட்டில் நான் வேறு எதுவுமே பேசவில்லை. அதற்குப் பழி வாங்கக் காத்திருந்தவள்போல் தராசைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். பதினான்கு கிலோ.

ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கவேண்டாம், இரவு தங்குவதாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு என்பது மலையேறிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நான் எண்பத்து நான்கு கிலோ. "கனமான ஆளுக்குக் கூடுதல் கிலோ அனுமதி உண்டு, தெரியுமா?" என்று வாதாடிப் பார்த்தேன். அவள் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த அனுமதியை நீங்க ஏற்கெனவே முன்னால ஏத்திட்டீங்க" என்றாள்.

அப்போதுதான் அத்தை அறையிலிருந்து வந்தார். என் மாமியார் சுங்கைப்பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் முன்னால் காட்டைப் பற்றிப் பேசுவது, மீனவரிடம் அலையைப் பற்றி விளக்குவதற்குச் சமம்.

"மாப்பிள்ளை, எத்தனை நாளைக்குப் போறீங்க?"

"காலையில போயி மத்தியானம் வந்துடுவேன், அத்தை."

"அப்ப இந்த மூட்டை?"

"பாதுகாப்புக்கு."

"மூட்டைக்கா?"

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மடக்குக்கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுப்படியில ஒரு பலாப்பழம் மூணு நாளாக் கிடக்கு. இதால அதை வெட்டிக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார். தீக்கம்பியை, "மலையில பொங்கல் வைக்கிறீங்களா?" என்று ஒதுக்கினார். வடிகுழாய், டப்பா மீன், கொக்கி எல்லாம் ஒரு பக்கம் குவிந்தன. தலைவிளக்கைக் கண்டதும் மட்டும் அவர் கை நின்றது. நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இது வேணும்" என்றார்.

ஏனென்றால் இருட்டில் கிளம்பிய தலைமுறை அது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவத்திச் சுருளைத் தகரத்துக்குள் கொளுத்தி இடுப்பில் தொங்கவிட்டு, கையில் பால்கத்தியோடு நிரைக்குப் போவார்கள். ஒரு புட்டியில் வரக்கோப்பி, தூக்குச்சட்டியில் பசியாற ஏதாவது, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, தலைக்கு ஒரு துணி. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொள்வார்களாம். சியாட்டல் பட்டியலை அத்தையின் இடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வெளிச்சம், நெருப்பு, கத்தி, தண்ணீர், உணவு, மறைப்பு, எல்லாம் அங்கே இருந்தன. வரைபடம் மட்டும் இல்லை, அது மனப்பாடம். இத்தனையும் சேர்ந்து என் ஊன்றுகோல்களின் எடைகூட வந்திருக்காது.

காலணி விஷயத்தில்தான் அத்தை என்னை முழுவதுமாகத் தோற்கடித்தார். கணுக்காலை மூடும் சப்பாத்துக்கு நான் கொடுத்த விலையைக் கேட்டு, காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் கேட்டார். தோட்டத்தில் எல்லோரும் போட்டது கறுப்பு ரப்பர் சப்பாத்து. வார்ப்பில் ஒரே துண்டாக வருவது, அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம் உள்ளது, சேற்றில் இறங்கினால் கழுவி உதறினால் போதும். இன்று அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லப்பெயர் வைத்து மலேசிய மலையேறிகளே தேடி வாங்குகிறார்கள். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் சுமை தூக்குகிறவர்களின் காலிலும் அதைப் பார்க்கலாம். மளிகைக்கடையிலும் இரும்புச் சாமான் கடையிலும் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். உள்ளே தடித்த காலுறை போடாவிட்டால் குதிகால் கொப்பளிக்கும். அது ஒன்றுதான் குறை. என் சப்பாத்தோ தண்ணீர் உள்ளே போகாது என்ற உத்தரவாதத்தோடு வந்தது. கொட்டும் மழையில் கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது என்பதை அந்த உத்தரவாதத்தில் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் அத்தை அனுமதித்த பையோடு, அவர் தள்ளிய வெள்ளித்தாள் போர்வையை மட்டும் திருட்டுத்தனமாகத் திரும்ப வைத்துக்கொண்டு கிளம்பினேன். அது நூறு கிராம்கூட இல்லை. அடிபட்டு மழையில் நனைந்து உட்கார நேர்ந்தால், 833 மீட்டரிலும் உடம்பு நடுங்கத்தான் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் நான்தான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து உச்சிவரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தார் போட்ட ஜீப் பாதை போகிறது. காட்டுப் பாதைதான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே நிலா வாசல் என்கிற வட்டமான பழைய வாயில் இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் படியும் வேருமாக ஏற்றம். எந்தப் பக்கம் போனாலும் முதலில் வரவேற்பவை குரங்குகள். நீண்ட வால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே அது சாப்பாடு என்று தெரியும். கையில் தொங்கவிட்டிருந்த வாழைப்பழப் பொட்டலத்தை ஒன்று சுங்க அதிகாரியின் நிதானத்தோடு வாங்கிப் பிரித்து, பழத்தை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிப் போட்டது. உணவைக் கையில் தொங்கவிடக்கூடாது, தோள்பைக்குள் மூடி வைக்கவேண்டும், குரங்குக்கு எதையும் நீட்டவே கூடாது என்பது இங்கே மலையேற்றத்தின் முதல் பாடம்.

இரண்டாம் பாடத்தைச் சொல்லித் தந்தவர்கள் பெரியவர்கள். எழுபதைத் தாண்டிய சீனப் பாட்டிகளும் தாத்தாக்களும் காலை நடையாக அந்தச் சரிவில் ஏறுகிறார்கள். கழுத்தில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு சின்னப் பை, கையில் ஒரு குடை. குடை மழைக்கு மறைப்பு, வெயிலுக்கு நிழல், ஏற்றத்துக்கு ஊன்றுகோல், குரங்குக்கு எச்சரிக்கை. ஒரே பொருள் நான்கு தேவைக்குப் பதில் சொல்கிறது. என் இரண்டு ஊன்றுகோல்களும் ஒன்றுக்கே திணறின. 'ஜோ சான்' என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போன ஒரு பாட்டி, திரும்பி என் பையைப் பார்த்து, "கேம்பிங்கா?" என்று அன்போடு கேட்டார். மூச்சு வாங்கியதால் பதில் சொல்லவில்லை. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

இனி கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். இந்த மலை சின்னதுதான், ஊரை ஒட்டியதுதான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தால் உலகப் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து மத்தியானம் சும்மா ஒரு நடை போனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் படையில் பணியாற்றியவர். சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரவில்லை. காட்டைச் சலித்துத் தேடினார்கள். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஆயிரம் கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் பயன்படுகிற செய்தி ஒன்றுதான்: இமயமலைக்குப் போகிறவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான்; 'இதோ வந்துடறேன்' என்று கிளம்புகிறவன்தான் வெறுங்கையோடு போவான்.

நம் கடிகாரமும் நம்மை ஏமாற்றுகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் பினாங்கில் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சிவெயில் இங்கே பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒன்றேகாலுக்கு வருகிறது. காலை ஆறரைக்கு மரத்தடியில் இன்னும் இருட்டு. மாலை ஏழரைக்கு வானத்தில் வெளிச்சம் மிச்சமிருப்பதைப் பார்த்து நேரம் இருக்கிறதென்று நினைப்போம். மரங்களுக்குக் கீழே எப்போதோ இரவாகியிருக்கும். கைபேசி விளக்கை நம்பினால் வழி பார்க்கவும் ஆளைக் கூப்பிடவும் வைத்திருந்த மின்சாரம் அதிலேயே தீர்ந்துபோகும். அத்தையின் கை தலைவிளக்கில் நின்றது சும்மா இல்லை.

மழையும் அப்படித்தான். காலை வெயிலை நம்பிக் கிளம்பினால் மத்தியானம் இடியோடு கொட்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையில் ஊரே மூழ்கியது. கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்து ஜீப் பாதையும் சிதைந்தது. கனத்த மழைக்குப் பிறகு சில நாள் மலைப் பக்கம் போகாமலிருப்பதும் ஒரு பாதுகாப்புச் சாதனம்தான். அதற்கு எடையே கிடையாது.

ஆக, பட்டியல் போடுகிறவன் என்ற முறையில், கொடிமலைக்கோ தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவுக்கோ ஒரு நாள் நடைக்குப் போகிறவர்களுக்கு நான் போட்டுத்தரும் சரக்குப் பட்டியல் இது. ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், கூடவே உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஒன்று. தலைவிளக்கு, மாற்று பேட்டரியோடு. மழைச்சட்டை. பைக்குள் சாமான் நனையாமலிருக்கப் பெரிய குப்பைப் பை ஒன்றை உறையாகப் போட்டால் போதும். மின்னேற்றம் நிறைந்த கைபேசி. இணையம் இல்லாமலும் திறக்கும்படி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்கவேண்டும், பள்ளத்தில் அலைவரிசை கிடைக்காது. பவர் பேங்க். பிளாஸ்திரி, கட்டுத்துணி, கிருமிநாசினி, அவரவர் அன்றாட மாத்திரை. சர்க்கரைக்காரர்கள் இனிப்பாக ஏதாவது. ஒரு விசில்: மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், கத்தினால் தொண்டைதான் போகும். சின்னக் கத்தி, கொஞ்சம் கயிறு, தீப்பெட்டி. வெள்ளித்தாள் போர்வை. திட்டமிட்டதைவிட ஒரு வேளை அதிகமான சாப்பாடு. விரைவில் காயும் துணியில் நீளக் கால்சட்டை. ஜீன்ஸ் நனைந்தால் அதுவே ஒரு சுமை. அட்டை ஏறினால் பதறவேண்டாம், நகத்தால் நெம்பி எடுத்துக் கழுவினால் போதும். இவ்வளவும் தண்ணீரோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குள் அடங்கும். பையில் போகும் எந்தப் பொருளாக இருந்தாலும், மலை என்னை என்ன செய்யும், அதற்கு இது பதிலா என்று கேட்டு வையுங்கள். பார்ப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சாமான்கள் தனி. என் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுவதும் அவைதான். வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. தேசியப் பூங்காவில் வாசலிலேயே பெயரைப் பதிந்துகொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். கொடிமலைப் பாதைகளில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள், நாம்தான் சொல்லிவைக்கவேண்டும். எந்த வழியாக ஏறுகிறோம், யாரோடு போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால், வீட்டிலிருப்பவர்கள் வெட்கப்படாமல் 999க்கு அழைக்கட்டும்.